தீப்பிடிக்காவிட்டால் தீங்கில்லையா?

"பீடி, சிகரெட் பத்த வைக்காம இருந்தா போதும் சார், வேற ஒண்ணும் பண்ணாது." தின்னர், சொல்யூஷன், ஹெக்ஸேன் புழங்குகிற எந்தப் பட்டறையில் கேட்டாலும் இந்தப் பதில் வரும். முதலாளி சொல்வார், மேஸ்திரி சொல்வார், இருபது வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்து பசை தடவுகிறவரும் சொல்வார். சுவரில் புகை பிடிக்கத் தடை என்று ஒரு பலகை, மூலையில் மணல் வாளி, கதவோரம் சிவப்பு சிலிண்டர். அத்துடன் பாதுகாப்பு முடிந்துவிட்டதாக எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

எரியக்கூடிய திரவத்தின் ஆபத்து எரிவது மட்டும்தான் என்ற இந்த நம்பிக்கை தவறு. தெரியாமல் செய்கிற சின்னத் தவறு என்று இதை விட்டுவிட முடியாது. ஒரு தீப்பொறிகூட விழாத அறைகளில் ஆட்களின் கைகால்களை இது முடக்கியிருக்கிறது.

ஹெக்ஸேனையே எடுத்துக்கொள்வோம். தவிட்டிலிருந்தும் சோயாவிலிருந்தும் எண்ணெய் பிரிக்கிற ஆலைகளில் டேங்கர் கணக்கில் இறங்குவது இதுதான். ரப்பர் பசையில் இருக்கும், பிசுக்கு துடைக்கிற திரவங்களில் இருக்கும். நிறமில்லை, வாடையும் பெட்ரோலைப் போல மூக்கில் ஏறாது. துடைத்தால் நொடியில் காய்ந்துவிடும், கறை வைக்காது. தொழிலுக்கு இதைவிடத் தோதான சரக்கு கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரசாயனங்களை வகைப்படுத்தி லேபிள் ஒட்டுவதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு முறையை ஐக்கிய நாடுகள் சபை 2003இல் வெளியிட்டது. அந்த முறையின் உயிர்நாடி, ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாகக் கேட்பது. தீயைப் பற்றிய கேள்விக்கு இரண்டு எண்கள் போதும். ஒன்று பிளாஷ் பாயிண்ட், அதாவது ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்புகிற குறைந்தபட்ச வெப்பநிலை. மற்றொன்று கொதிநிலை. பிளாஷ் பாயிண்ட் 23 டிகிரிக்குக் கீழே, கொதிநிலை 35 டிகிரிக்கு மேலே என்றால் இரண்டாம் பிரிவு. ஹெக்ஸேனுக்கு முதல் எண் பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 22 டிகிரி, இரண்டாவது 69 டிகிரி. ஊட்டியின் உறைபனி இரவிலும் அது பற்றத் தயாராகவே இருக்கும். தீயைப் பற்றிய கேள்வி இத்துடன் தீர்ந்தது.

உடம்பைப் பற்றிய கேள்விகள் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் ஹெக்ஸேனுக்கு மொத்தம் ஏழு தீர்ப்புகள் உண்டு. ஒன்று தீ. ஒன்று நீர்வாழ் உயிர்களுக்கு வரும் நீண்டகாலக் கேடு. மிச்சம் ஐந்தும் மனித உடம்பைப் பற்றியவை. தோலை எரிச்சலூட்டும், மயக்கமும் தலைசுற்றலும் தரும், தொடர்ந்து சுவாசித்தால் நரம்பைக் கெடுக்கும், பிள்ளைப்பேற்றுத் திறனைப் பாதிக்கும் என்ற சந்தேகம் உண்டு, விழுங்கும்போது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஏழில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு, சரக்கு தெரிந்துவிட்டது என்று சொல்வது எவ்வளவு பெரிய அலட்சியம்!

தீயை அடக்கினால் மற்றதும் தானாக அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். காற்றில் ஹெக்ஸேன் ஆவி 1.1 சதவீதத்தைத் தொட்டால்தான் தீப்பிடிக்கும். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு (பிபிஎம்) என்று பார்த்தால் அது 11,000. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் வைத்திருக்கும் வரம்போ 50. இரண்டுக்கும் நடுவே 220 மடங்கு இடைவெளி. தீ எச்சரிக்கைக் கருவி வழக்கமாக எரிநிலை வரம்பில் பத்தில் ஒரு பங்கை எட்டும்போதுதான் முதல் மணியை அடிக்கும். அப்போது காற்றில் 1,100 பங்கு ஆவி இருக்கும், உடம்பு தாங்கும் வரம்பைப் போல 22 மடங்கு. அதுவரை கருவி வாயைத் திறக்காது. தீயணைப்பு அதிகாரி வந்தால்கூட எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் எழுதிவிட்டுப் போவார். அவர் பொய் எழுதவில்லை. அவர் பார்க்க வந்த கேள்விக்கு அதுதான் சரியான பதில். மேசையில் உட்கார்ந்திருப்பவரின் நரம்பு அந்தக் கேள்வித்தாளிலேயே இல்லை.

வாடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்ற தைரியமும் உதவாது. வரம்பு அளவில் ஹெக்ஸேனைப் பல மூக்குகள் உணர்வதே இல்லை. உணர்ந்த மூக்கும் சற்று நேரத்தில் பழகி மரத்துப்போகும். "இப்பல்லாம் வாடையே வர்றதில்ல" என்று ஒருவர் சொன்னால் காற்று சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உள்ளே போன ஹெக்ஸேனைக் கல்லீரல் வேறொரு பொருளாக மாற்றுகிறது. 2,5-ஹெக்ஸேன்டையோன் என்று பெயர். நரம்பு இழைக்குள்ளே நீளவாக்கில் ஓடும் புரத நூல்களை இது ஒன்றோடொன்று பிணைத்துவிடும். நூல்கள் சிக்கி, இழை அங்கங்கே வீங்கி, அதற்கு அப்பால் இருக்கும் பகுதி பட்டுப்போகும். உடம்பில் நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால்தான் முதலில் கால்விரல் மரக்கும், பிறகு பாதம், பிறகு கைவிரல். செருப்பு காலிலிருந்து நழுவியது தெரியாது. சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காது. வேலையை விட்டு நின்ற பிறகும் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள், நிலைமை இன்னும் மோசமாகிக்கொண்டே போகும். "வேலையை விட்டப்புறம்தானே அதிகமாச்சு, அப்போ இதனால இல்ல" என்று வீட்டில் சொல்லும் முடிவு சரியாக இந்த இடத்தில்தான் தப்பாகிறது.

இதெல்லாம் சோதனைக்கூடத்து எலிகளின் கதை என்று நினைக்க வேண்டாம். 1960களில் ஜப்பானில் வீட்டிலேயே உட்கார்ந்து வினைல் செருப்பு ஒட்டியவர்களில் 93 பேருக்கு இந்த நரம்பு நோய் கண்டறியப்பட்டது. பென்சீன் கலந்த பசை தடை செய்யப்பட்டதால் அதன் இடத்துக்கு வந்ததுதான் அந்த ஹெக்ஸேன் பசை. 1980களில் தைபேயின் சிறு அச்சகங்களில் உருளை துடைத்தவர்களுக்கு வந்தது. ஏசி போட்டதால் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். 2009இல் சீனாவின் சுஜோவில் கைபேசியின் தொடுதிரையைத் துடைக்க, ஆல்கஹாலைவிடச் சீக்கிரம் காய்கிறது என்று ஹெக்ஸேனைக் கொண்டுவந்தார்கள். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதை ஆப்பிள் நிறுவனமே 2011இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இந்த மூன்று இடங்களிலும் ஆட்களை முடக்கியது தீ அல்ல. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூவுக்குப் பசை தடவுகிறவர்களும், சிவகாசியில் ஆஃப்செட் உருளை துடைக்கிறவர்களும் அறிய வேண்டிய வரலாறு இது. அவர்களிடம் இதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

எரிகிற குணமும் உடம்பைக் கெடுக்கிற குணமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்பதற்கு ஹெக்ஸேனுக்கு அடுத்த வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஹெப்டேன் அதைவிட ஒரே ஒரு கார்பன் அணு கூடுதலான பொருள். தீக்கணக்கில் இரண்டும் ஒரே பிரிவு, ஒரே தீச்சுடர் படம். ஆனால் ஹெப்டேனை உடம்பு மாற்றும் வழி வேறு. நரம்பைச் சிக்கவைக்கும் அந்தப் பொருள் மிகமிகக் கொஞ்சமாகத்தான் உண்டாகும். தீயை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இரண்டு டிரம்மும் ஒன்றே. எதிர்ப்பக்கமும் பாருங்கள்: பெயின்ட் உரிக்கப் பயன்படும் மெத்திலீன் குளோரைடுக்கு பிளாஷ் பாயிண்டே கிடையாது. டிரைகுளோரோஎத்திலீனும் சாதாரணமாகப் பற்றாது, ஆனால் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் பட்டியலில் அது இருக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடு தீயில் எரியாதது மட்டுமல்ல, ஒரு காலத்தில் தீயணைப்புக் கருவிக்குள்ளேயே அதைத்தான் நிரப்பி வைத்திருந்தார்கள். கல்லீரலைக் கரைக்கிற விஷம் அது. எரியாததால் நல்லது என்று நம்பி அதை மூச்சோடு இழுத்தவர்கள் ஏமாந்தார்கள்.

கலவையாக வரும்போது கணக்கு இன்னும் சிக்கல். 1970களில் மேற்கு பெர்லினில் தின்னரைப் போதைக்காக முகர்ந்துவந்த இளைஞர்கள் திடீரென்று வரிசையாக முடங்கினார்கள். தயாரிப்பாளர் ஹெக்ஸேன் இருந்த கலவையில் எம்இகே என்ற இன்னொரு கரைப்பானையும் சேர்த்திருந்தார். எம்இகே தனியாக நரம்பைக் கெடுப்பதாகத் தெரியாது. ஹெக்ஸேனோடு சேர்ந்தால் அதன் கடுமையைக் கூட்டிவிடுகிறது. ஷூ பசையில் எம்இகே சர்வசாதாரணம். ஆகவே "தின்னர்" என்று மட்டும் எழுதிய டின், உள்ளே இருப்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

எரிந்தால்தான் ஆபத்து என்ற இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? டேங்கரின் பின்னால் பாருங்கள். சிவப்புச் சாய்சதுரம், தீச்சுடர், கீழே 3 என்ற எண், ஐநா எண் 1208. போக்குவரத்துக்கான வகைப்பாடு அது. வண்டி கவிழ்ந்தால் அந்த நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதுதான் அதன் கவலை. பத்து மாதம் சுவாசித்தால் என்ன ஆகும் என்று அது கேட்பதே இல்லை. சாலையில் அது சரி. அதே சரக்கு டிரம்மில் பட்டறைக்குள் உருண்டு வரும்போதும் அந்த ஒரே படத்தோடு வருகிறது. பட்டறைக்கு வேண்டிய லேபிளில் நான்கு படங்கள் இருக்க வேண்டும்: தீச்சுடர், ஆச்சரியக்குறி, மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம், செத்த மீனும் பட்ட மரமும். மூன்றாவது படத்தை நம் ஊர்ப் பட்டறைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

"இருபது வருஷமா இதுலதான் இருக்கேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கால் மரத்து, பிடி தளர்ந்து வேலையை விட்டவர் இந்தக் கேள்வியைக் கேட்க அங்கே இல்லை. அவர் ஊருக்குப் போயிருப்பார். அங்கே டாக்டர் சர்க்கரை பார்த்திருப்பார், பி12 ஊசி போட்டிருப்பார். நோயாளியிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700இல் எழுதிவைத்தார். நம் ஊர் வெளிநோயாளி வரிசையில் அந்தக் கேள்விக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. கேட்காத நோய் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாததை இல்லை என்கிறோம்.

உள்ளே போன ஆவி வாழைப்பழம் தின்றால் போய்விடும், வெல்லம் கடித்தால் தொண்டையில் தங்காது என்பதும் இதே குடும்பத்து நம்பிக்கை. ஆவி வயிற்றுக்குப் போகவில்லை. நுரையீரல் வழியாக நேரே ரத்தத்தில் கலக்கிறது. முகத்தில் கட்டிய கைக்குட்டை தூசியில் கொஞ்சம் பிடிக்கும், ஆவியைப் பிடிக்கவே பிடிக்காது. அதற்கு கார்பன் நிரப்பிய குப்பி வைத்த முகமூடி வேண்டும். அதைவிட முதலில் வேண்டியது, ஆவியைக் கிளம்பும் இடத்திலேயே, மூக்குக்கு வரும் முன், இழுத்து வெளியே தள்ளும் குழாய்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. டிரம்மில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சி கேனுக்கு இறக்கும் பழக்கம். ஹெக்ஸேன் தண்ணீரைவிட லேசாக ஓடும். ஒரு மடக்கு புரையேறினால் சில மில்லிலிட்டரே நுரையீரலில் பரவி அதை அழற்சியில் தள்ளும். மண்ணெண்ணெய் குடித்துவிட்ட குழந்தைகளுக்கு நம் வீடுகளில் நடப்பதும் இதுதான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது உதவி அல்ல, வரும் வழியில் இரண்டாவது முறையும் நுரையீரலுக்குள் அனுப்புவது. வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சட்டம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41பி பிரிவு, ஆபத்துகளையும் உடல்நலக் கேடுகளையும் தொழிலாளிக்குத் தெரிவிப்பதை முதலாளியின் கடமையாக்கியது. அபாயகர ரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள், கொள்கலன் மீது பொருளின் பெயரோடு நச்சுத்தன்மை விவரமும் இருக்க வேண்டும் என்கின்றன; பாதுகாப்புத் தாளையும் கேட்கின்றன. ஐநா முறைப்படி எழுதிய தாளின் இரண்டாம் பகுதியில் ஏழு தீர்ப்புகளும் வரிசையாக இருக்கும், பதினோராம் பகுதியில் உடம்புக்கு என்ன ஆகும் என்பது இருக்கும். ஆங்கிலத்தில் வந்து மேனேஜர் அலமாரியில் கிடக்கிறது. அதைத் தமிழில் எழுதி மேசைக்கு மேலே ஒட்ட எந்தப் பெரிய முதலீடும் தேவையில்லை.

சங்கங்களும் தொழிற்சாலை ஆய்வாளர்களும் இனி தீயணைப்பானின் காலாவதித் தேதியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வாங்கும் பசையிலும் தின்னரிலும் நார்மல் ஹெக்ஸேன், அதாவது இதுவரை பேசிய அதே ஹெக்ஸேன், எத்தனை சதவீதம் என்று பில்லோடு கேட்டு வாங்க வேண்டும். காற்றில் எத்தனை பிபிஎம் என்று அளக்க வேண்டும். ஹெப்டேன் போதுமான வேலைக்கு, விலை கூடுதலானாலும், அதையே வாங்க வேண்டும். டிரம்மிலிருந்து சின்ன கேனுக்கும் பழைய தண்ணீர் பாட்டிலுக்கும் ஊற்றும்போது லேபிள் டிரம்மோடு நின்றுவிடுகிறது. ஊற்றிக் கொடுக்கிற கேனின் மேலும் நான்கு படங்களும் வேண்டும். அவை இல்லாத கேனை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று மறுக்கும் உரிமை மேசையில் உட்காருகிறவருக்கு இருக்க வேண்டும்.