பழுது பொறியிலா, பயிற்சியிலா?

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை, தொலைக்காட்சியோடு கணினியை இணைத்துப் படம் காணும் தமிழ் இல்லங்கள் உள. மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் படம் நடுங்குவதுண்டு. திரை இருள்வதும் உண்டு. உடனே, “வரைகலை அட்டை போயிற்று” என்று தீர்ப்பளித்துப் புதியது வாங்க ஓடுவது அறிவுடைமையா?

கணினிக்கும் அட்டைக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாய் நிற்பது ‘டிரைவர்’ எனும் இயக்கி மென்பொருள். முதலில் இணைப்புக் கம்பியை மாற்றிப் பார்த்தல் வேண்டும். பின்னர்ப் பாதுகாப்பு முறையில் தொடக்கினால், கணினி எளிய அடிப்படை இயக்கியோடு எழும். அங்கே படம் தெளிவாயின், முதல் ஐயம் அட்டைமேல் அன்று, இயக்கிமேல் எழவேண்டும். முந்தைய பதிப்புக்கு மீள்வதோ, இருப்பதை அறவே நீக்கி மீண்டும் நிறுவுவதோ பெரும்பாலும் போதும். காசு செலவில்லை.

“இவையெல்லாம் தமிழில் இயலுமா?” என்பார்க்கு மேற்கண்ட வரிகளே விடை. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் பிறந்த நாடு இது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கூடிய நகரம் கோலாலம்பூர். தமிழெழுத்தைத் திரையில் ஏற்றிய மண்ணில், திரை இருண்டால் காரணம் சொல்லத் தமிழ் மாணவன் தடுமாறலாமா? கட்டுரைப் பயிற்சிக்குத் தீபாவளியும் பொங்கலும் மட்டுந்தானா தலைப்பு? பழுதறியும் முறையையும் எழுதச் செய்க, ஆசிரியர்களே! சொல்லாத மொழி தேயும்; குறை மொழியினதன்று.