கோல்ஃப் வண்டி பேட்டரியும் மாமாவோட நாட்டுப்படகும்

முதல்லயே சொல்லிடுறேன், நான் இங்கிலீஷ் மீடியம். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. ஆனா இந்த விஷயத்த தமிழ்லதான் எழுதணும், ஏன்னா என்கிட்ட கேள்வி கேட்ட ஆளு தமிழ்லதான் கேட்டாரு.

பாம்பன்ல என் மாமா நாட்டுப்படகு வச்சிருக்கார். போன லீவுல வீட்டுக்குப் போனப்போ ஒரு பேட்டரிய என் முன்னாடி வச்சு, "மாப்ளே, வாங்கி ஒரு வருசம் ஆகல. விடிய விடிய சார்ஜ் போட்டாலும் நிக்க மாட்டேங்குது. நீ படிச்சத வச்சு என்னன்னு சொல்லு"ன்னார். நான் ட்ரிபிள்ஈ ஃபைனல் இயர். பேட்டரி பாடத்துல நல்ல மார்க். அங்க பேந்தப் பேந்த முழிச்சேன்.

அது லாரி பேட்டரி. கடைக்காரர் "பெருசா இருக்கு, நல்லா நிக்கும்"னு சொல்லிக் கொடுத்தது. இதுல காமெடி என்னன்னா, மாமா படகு என்ஜின கையாலதான் சுத்தி ஸ்டார்ட் பண்ணணும். லாரி பேட்டரி செய்யப்பட்டதே ஸ்டார்ட் பண்றதுக்கு மட்டும்தான். அந்த ஒரு வேலை மாமா படகுல இல்லவே இல்ல!

உங்க வீட்டு கார் பேட்டரி மேல சிசிஏன்னு ஒரு நம்பர் இருக்கும், பார்த்திருப்பீங்க. மைனஸ் 18 டிகிரி குளிர்ல 30 செகண்டுக்கு எவ்வளவு ஆம்பியர் தரும்ங்கிற கணக்கு அது. ராமநாதபுரத்துல மைனஸ் 18! விடுங்க, பாயிண்ட் அந்த 30 செகண்ட்தான். அந்தக் கொஞ்ச நேரத்துல நூத்துக்கணக்கான ஆம்பியர் கொட்டணும்னா பிளேட்டோட பரப்பு அதிகமா இருக்கணும். அதனால மெல்லிசா, நிறைய பிளேட் வைப்பாங்க. ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். அத மெதுவா, ஆழமா, தினமும் காலி பண்ணினா பிளேட்ல இருக்கிற பேஸ்ட் இளகி உதிர்ந்து அடியில சேறாத் தங்கிடும். சில டஜன் தடவைலயே கதை முடிஞ்சிரும்.

இப்ப கோல்ஃப் வண்டி. ரயில்வே ஸ்டேஷன்லயும் பெரிய கோயில்கள்லயும் வயசானவங்கள ஏத்திட்டுப் போற பேட்டரி கார் அந்த வகைதான். அதுல லெட் ஆசிட் போட்டா 6 வோல்ட் இல்ல 8 வோல்ட் பேட்டரியா வரிசையா கோப்பாங்க. டிரோஜன் டி-105ங்கிறது ரொம்பப் பழைய, பிரபலமான மாடல். 6 வோல்ட், 20 மணி நேரக் கணக்குல 225 ஏஎச், எடை 28 கிலோ. பிளேட் கனம் கார் பேட்டரியப் போல ரெண்டு மடங்கு, அதுக்கு மேலயும் இருக்கும்.

"அது நிஜமான டீப் சைக்கிள் இல்ல, ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிதான் நிஜம்"னு ஒரு கட்சி இருக்கு. ஃபோர்க்லிஃப்ட்ல பிளேட் 6 மில்லிமீட்டருக்கு மேல வரும்ங்கிறது உண்மைதான். அதுக்காக கோல்ஃப் வண்டி பேட்டரிய லிஸ்ட்ட விட்டுத் தூக்கணுமா? என் கருத்துல தூக்கக்கூடாது. டீப் சைக்கிள்ங்கிறது பட்டமில்ல, வேலை. பாதிக்கு மேல காலியாகி, திரும்ப நிறைஞ்சு, அத நூத்துக்கணக்கான தடவ தாங்கினா அது டீப் சைக்கிள்தான். கோல்ஃப் வண்டி பேட்டரி தாங்குது. அதே சமயம், ஸ்டிக்கர்ல "டீப் சைக்கிள்"னு அச்சடிச்சா மட்டும் எதுவும் அப்படி ஆகிடாது. சிசிஏ நம்பர மட்டும் பெருசா போட்டு ஏஎச்ச மறைச்சிருந்தா சந்தேகப்படுங்க.

மாமா படகுக்குக் கணக்கு போட்டேன். எல்இடி விளக்கு, ஜிபிஎஸ், வாக்கிடாக்கி எல்லாம் சேர்ந்து 3 ஆம்பியர். 12 மணி நேரத்துக்கு 36 ஏஎச். லாரி பேட்டரி 80 ஏஎச். அதாவது ஒவ்வொரு ராத்திரியும் கிட்டத்தட்ட பாதி காலி. ஒரு வருசம் தாங்காததுல ஆச்சரியமே இல்ல.

இதுல காசு மட்டும் போனா பரவால்ல. ஒரு நாள் வடகடல்ல நடுராத்திரி விளக்கும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தே அணைஞ்சிருக்கு. பார்டர் எங்க இருக்குன்னு தண்ணில கோடு போட்டா வச்சிருக்கு? 1974 ஒப்பந்தத்துல வரைபடத்துல போட்ட கோடு, ஜிபிஎஸ் திரைல மட்டும்தான் தெரியும். தாண்டினா படகும் போகும், ஆளும் ஜெயிலுக்குப் போகணும். ராமேஸ்வரம் டிவி டவரோட விளக்க வச்சு திசை பிடிச்சு மாமா கரைக்கு வந்திருக்கார். 323 மீட்டர் டவர், நல்லவேளை. அத்தை இத என்கிட்ட தனியாதான் சொன்னாங்க.

அப்ப கோல்ஃப் வண்டி பேட்டரி ரெண்டு வாங்கி சீரிஸ்ல போட்டா முடிஞ்சதா? நம்ம பக்கத்துக் கடைல போய் கேட்டா சிரிப்பாங்க. இன்வெர்ட்டருக்கு வர்ற உயரமான டியூபுலர் பேட்டரி எல்லா ஊர்லயும் கிடைக்கும், அதுவும் டீப் சைக்கிள்தான். ஆனா ஆடுற படகுல அந்த உயரம் சரிவராது, சாய்ஞ்சா ஆசிட் வழியும். என்னக் கேட்டா ஈ-ரிக்‌ஷா பேட்டரிதான் கோல்ஃப் வண்டிக்கு நம்ம ஊர் பதில். அதுவும் நாள் முழுக்க மெதுவா காலியாகி ராத்திரி நிறையற அதே பொழப்பு. லித்தியம் இன்னும் நல்லது, விலை கேட்டுட்டு மாமா பேச்ச மாத்திட்டார்.

நாலு வருசமா லெட் ஆசிட் சமன்பாட்ட எழுதியிருக்கோம். நம்ம வைவால "இந்த லோடுக்கு எந்த பேட்டரி வாங்குவ?"ன்னு யாராவது கேட்டிருக்காங்களா? என்னக் கேட்கல. கேட்டிருந்தா மாமா முன்னாடி முழிச்சிருக்க மாட்டேன்.

மாமா இப்ப 100 ஏஎச் ஈ-ரிக்‌ஷா பேட்டரி ஒண்ணு வாங்கி மரப்பெட்டி அடிச்சு உள்ள இறக்கிட்டார். கரைக்கு வந்ததும் அன்னைக்கே சார்ஜ் போடணும், பாதி காலியா கிடந்தா பிளேட்ல சல்பேட் இறுகிடும்னு சொல்லியிருக்கேன். ஹைட்ரோமீட்டர் ஒண்ணும் வாங்கிக் கொடுத்தேன். ஃபுல் சார்ஜ்ல 1.265 காட்டணும். நேத்து போன்ல, "மாப்ளே, 1.26 காட்டுது, கடலுக்குப் போலாமா?"ன்னார். போங்க மாமான்னு சொன்னேன்.