செருத் தணிந்த பின்னர்

திருத்தணி என்னும் பெயர்க்குக் காரணம் கூறுவார், சூரபன்மனோடு பொருத பெரும் போருக்குப் பின்னர் முருகவேள் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் அது செருத்தணி எனப்பட்டு, நாளடைவில் திருத்தணி என மருவிற்று என்பர். மொழிநூலார் இதனை ஏற்பினும் ஏலாதொழியினும் ஊரார் இதனை உறுதியாகவே பற்றியுள்ளனர். கந்தசஷ்டிக் காலத்தில் மற்ற முருகன் தலங்களில் சூரசங்காரம் நிகழ, இம்மலையின்மேல் அது நிகழ்வதில்லை. மலர் தூவி வழிபடும் விழாவே நிகழ்கின்றது. போர் முடிந்து வந்து இளைப்பாறிய இடத்தில் மீண்டும் போரை நடத்திக் காட்டுவானேன் என்பது கருத்துப் போலும். யாம் கிறிஸ்து மார்க்கத்தாராயினும் அம்மலையடிவாரத்தில் வளர்ந்தமையின், இக்கதையை அயல்வீட்டுப் பாட்டிமார் வாயிலாகப் பலமுறை கேட்டிருக்கின்றோம்.

போர் முடிந்த பின்னர் அமர்ந்திருக்க ஓரிடம் மக்களுக்கும் வேண்டுமன்றோ? அவ்விடம் வேற்று நாடாயின், வந்தமர்ந்தோர் முன்னோரிடம் பெற்ற மொழியையும் வழிபாட்டையும் உணவையும் பாட்டையும் எங்ஙனம் காப்பர் என்னும் வினா எழுகின்றது. ஈழத்தமிழரைக் குறித்து இவ்வினா எழும்போதெல்லாம் நம்மவர் கனடாவையும் ஐரோப்பாவையும் சுட்டி வியப்பர். ஆயின் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு கோடியில் திருத்தணி இருப்பதுபோல மறுகோடியில் கும்மிடிப்பூண்டி இருக்கின்றது. அவ்வூரில் முப்பது ஆண்டுகட்கு மேலாக ஈழத்தமிழர் முகாம் ஒன்றும் இருக்கின்றது. கடல்கடந்தோரைப் புகழும் நம் நாவு, புகைவண்டியில் ஏறி இறங்கும் தொலைவில் இருப்போரைப் பற்றிப் பேசாதிருப்பது ஏன் என்பதே யாம் ஈண்டுக் கேட்கப் புகுந்தது. தூரத்துப் பச்சை என்பது இதுதான் போலும்.

வியத்தற்குரியதை முதற்கண் வியந்துவிடுவோம். 1983-ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர் நாடு விட்டு ஓடினவர்களுள் 155 பேர், 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காக்கும் படகுகளில் மிதந்து கிடந்து மீன்பிடிப்போரால் மீட்கப்பட்டனர். முப்பது ஆண்டுகள் சென்று, 2016 அக்டோபரில், அந்நாட்டு மக்களவை ஜனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்கள் என ஏற்றுத் தீர்மானம் செய்தது. டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை ஒன்று அமைதற்கு வேண்டிய முப்பது இலட்சம் டாலர் 2021-இல் திரண்டது. ஜெர்மனியில் ஹம் என்னும் தொழில் நகரத்தில் எழுந்த காமாட்சியம்மன் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. அங்கே தேர் ஓடுகின்றது, காவடி ஆடுகின்றது, நகரை அடுத்த கால்வாயே தீர்த்தமாகின்றது. அந்நாட்டின் கெவெலார் என்னும் மரியன்னை திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் தமிழர் யாத்திரை செல்கின்றனர். அவருள் கத்தோலிக்கரோடு சைவரும் கலந்திருப்பர். மடுமாதாவின் சந்நிதியில் இருசாராரும் கூடி நின்ற வழக்கம் அவர்களோடு கூடவே கடல் கடந்தது. 1981-இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 2005 முதல் 'நூலகம்' என்னும் பெயராலேயே ஈழத்து ஏடுகளையும் இதழ்களையும் மின்வடிவில் தொகுத்து எவரும் படிக்கத் தந்து வருகின்றனர்.

இவற்றுள் எம் நெஞ்சு பெரிதும் மதிப்பது தேரையும் அன்று, இருக்கையையும் அன்று. உறக்கம் கலையாத பிள்ளையை விடுமுறை நாட்காலையில் பனியினூடே தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துச் செல்லும் தாயையே. அரங்கேற்றப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி உருப்போடும் குழந்தைகளும் அங்கு உளர் என்று கேட்கின்றோம். மேடையும் மாலையும் மொழியைக் காத்துவிடும் என்று யாம் நம்புவதில்லை.

இத்துணையும் அவர்களுக்கு இயன்றது எதனால்? ஊக்கம் ஒன்றே காரணம் என்பது பாதி உண்மை. வந்த சில ஆண்டுகளில் அவர்கள் குடிமக்கள் ஆயினர், நிலம் வாங்கினர், வாக்களித்தனர், 1988-இல் கனடா இயற்றிய பல்பண்பாட்டுச் சட்டம், அவரவர் மரபைப் பேணுதல் அந்நாட்டின் இயல்புக்கு மாறன்று என்று கூறிற்று. வேத புத்தகம் பயின்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. பாபிலோனுக்குச் சிறைபோன இஸ்ரவேலர், கின்னரங்களை மரங்களில் தூக்கிவிட்டு, அந்நிய நிலத்தில் பாடுவதெங்ஙனம் எனப் புலம்பியதை 137-ஆம் சங்கீதம் காட்டுகின்றது. அச்சிறையிருப்போர்க்கே எரேமியா தீர்க்கதரிசி எழுதிய நிருபமோ, வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் நாட்டி அதன் கனியைப் புசிக்கவும், தாம் இருக்கும் நகரத்தின் சமாதானத்தைத் தேடவும் ஏவுகின்றது. தோட்டம் நாட்ட இடம் பெற்றவன் எவனோ அவனே கின்னரத்தை மரத்தினின்றும் எடுப்பான் என்பது எம் துணிபு.

நிற்க. எல்லையூராராகிய எமக்கு இவ்வுண்மை வேறொரு வகையாலும் விளங்கும். ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் முதல் நாளில் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் அவர்கள் நடாத்திய வடக்கெல்லைப் போராட்டத்தையும், சிற்றூர்தோறும் தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரையும் எம்மூர் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். கோடு பெயர்ந்ததேயன்றி மக்கள் எவரும் பெயர்ந்திலர். கோட்டின் இப்பக்கம் நின்றுவிட்ட தெலுங்கு வீடுகளில், கடைத்தெருவில் தமிழும் அடுக்களையில் தெலுங்குமாக இன்றளவும் வாழ்க்கை நடக்கின்றது. ஆடிக் கிருத்திகையன்று முந்நூற்றறுபத்தைந்து படிகளிலும் காவடியோடு ஏறுவோர் எம்மொழியிற் பேசினும் 'அரோகரா' என்பதில் வேற்றுமையில்லை. அவர்களிடம் நிலப்பட்டா இருந்தது, வாக்குரிமை இருந்தது, ஆதலின் மொழியை மறைக்கவேண்டிய அச்சம் இருந்திலது.

ஈழத்துக்கும் தணிகைக்கும் உள்ள தொடர்பு ஒன்றையும் ஈண்டு நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். கச்சியப்ப முனிவர் இயற்றிய தணிகைப் புராணத்தை 1883-இல் பதிப்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. அமெரிக்க மிஷனார் 1823-இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானவர் அவர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-இலும் கலித்தொகையை 1887-இலும் அச்சேற்றினார். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் யாம் திறக்கும் ஏடுகளிற் பல அவர் கைபட்டு வந்தவை. தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து, உத்தியோகம் பார்த்து, 1901-இல் இங்கேயே மறைந்தார். அயலான் என்று அவர் பெயரை எப்பதிவேட்டிலும் எழுதிவைத்து, ஊர்விட்டு ஊர்செல்ல அனுமதிச்சீட்டுக் கேட்டார் எவருமில்லை.

இனி முகாமுக்கு வருவோம். 1983 முதல் பலகாலும் தமிழ்நாட்டுக் கரையேறினோர் மூன்று இலட்சத்தின் மேற்பட்டவர். அவருட் பலர் திரும்பினர். சிலர் மேலைநாடு சென்றனர். 2021-இல் அரசு கூறிய கணக்கின்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தனர். பத்தடிக்குப் பத்தடி அறையில் இரண்டு தலைமுறை வளர்ந்திருக்கின்றது. அவ்வாண்டில் அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றி, 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்து, புது வீடுகளும் கட்டத் தொடங்கியது. பெயரை மாற்றினமையை இகழ்வாருடன் யாம் சேரோம். அகதி என்று அழைக்கப்பட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பெயர் சிறு பொருளன்று. ஆயினும் வீடு புதிதாவது வேறு, அவ்வீடு தனதாவது வேறு.

மொழி ஒன்றேயாயிருக்க, முகாமில் இருப்போர்க்குக் காக்கவேண்டிய மரபு தனியே என்ன உண்டு என்று நம் மாணவரிற் சிலர் வினவக் கேட்டிருக்கின்றோம். இலக்கணத்திலிருந்தே விடை கூறுவோம். அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்து எனத் தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்தன. சேய்மைக்கு அகரம், அண்மைக்கு இகரம், இரண்டிற்கும் இடைப்பட்டதற்கு உகரம். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு இறந்தொழிந்தது; யாம் அதனைத் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்கின்றோம். அப்பாடம் நடந்த நாளில், முகாமிலிருந்து வரும் எம் வகுப்புத் தோழர் ஒருவர், "எங்கட அம்மம்மா 'உதை எடு', 'உங்கை இரு' எண்டுதான் சொல்லுவா" என்றார். வகுப்பு முழுதும் வியந்தது. ஈராயிரம் ஆண்டு பழமையான ஒரு சுட்டு, தகரக்கூரையின்கீழ்ச் சொதி காய்ச்சும் ஒரு மூதாட்டியின் நாவில் உயிரோடிருக்க, யாம் அதனைச் செத்த சொல் என்று எழுதி மதிப்பெண் பெற்று வந்தோம்.

அத்தோழர் தாம் அவ்வாறு பேசுவதில்லை. சிறு வயதில் அவர் படித்த பள்ளியொன்றில், 'ஓம்' என்றதற்கும் 'கதைக்கிறது' என்றதற்கும் உடன் பயின்ற பிள்ளைகள் நகைத்தனராம். அது முதல் வாசலுக்கு வெளியே 'ஆமாம்' என்றும் 'பேசுறது' என்றும் பழகிக்கொண்டார். நகைப்பேயாயின் நாளடைவில் ஆறிவிடும். ஆனால் சோதனைச் சாவடியிலும் பேருந்திலும் பேச்சைக் கேட்டு ஊரைக் கண்டுகொள்வர் என்னும் அச்சம், 1991-க்குப் பின் வந்த ஆண்டுகளில், பெற்றோரையே பிள்ளைகளின் நாவைத் திருத்தச் செய்தது. அவ்வாண்டுகளிற் கல்லூரி வாயிலும் முகாம் மாணவர்க்கு அடைபட்டு, 1996-க்குப் பின்னரே மீண்டும் திறந்தது. டொராண்டோவில் வளரும் பிள்ளை பாட்டியின் பேச்சைக் கற்கச் சோம்புகின்றது. கும்மிடிப்பூண்டியில் வளரும் பிள்ளையோ கற்றதை ஒளிக்கின்றது. இரண்டில் எது கொடிது என்று யாம் சொல்லவும் வேண்டுமோ?

அச்சத்தின் வேர் சட்டத்தில் இருக்கின்றது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிட்டதில்லை. 1987 ஜூலை முதல் நாளுக்கு முன்னர் இம்மண்ணிற் பிறந்தவர் பிறப்பாற் குடிமக்கள்; அதன் பின்னர்ப் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியாயிருத்தல் வேண்டும்; 2004 டிசம்பர் முதல் மற்றவரும் முறைகேடாகக் குடிபுகுந்தவராயிருத்தல் ஆகாது. எனவே முகாமிற் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்து, இலங்கையைக் கண்ணாலும் காணாத இளைஞர் அயல்நாட்டினராகவே இருக்கின்றனர். 2019-இல் இயற்றிய திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளினின்றும் வந்த இஸ்லாமியரல்லாதார்க்கு வழி திறந்தது; இலங்கை அதிற் சேர்க்கப்படவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டின்றித் தங்கியமைக்காகத் தண்டிப்பதில்லை என்று 2025-இல் மத்திய அரசு விலக்களித்தது. நன்றியோடு ஏற்கத்தக்கதே, எனினும் தண்டியாது விடுதல் ஒன்று, தம்மவரென ஏற்றல் மற்றொன்று. இவர்களுட் கணிசமானோர் மலையகத்து வழியினர், அதாவது இம்மாநிலத்திலிருந்தே தேயிலைத் தோட்டங்கட்குக் கொண்டுபோகப்பட்டவரின் கொள்ளுப்பேரர் என்பதை நினைக்குங்கால், அயலார் என்னும் சொல் மேலும் பொருந்தாது ஒழிகின்றது.

இதற்கு மாறாகவும் ஒரு கருத்து உண்டு. அதனை யாம் இலேசாகக் கொள்ளவில்லை. குடியுரிமை அளித்துவிடின் ஈழத்து ஊர்கள் நிரந்தரமாக ஆளற்றுப்போம், ஆதலின் திரும்புதலே தக்கது என்பர். தந்தை செல்வா எனப் போற்றப்பெற்ற சா. ஜே. வே. செல்வநாயகம், சைவர் மிகுந்த மக்களால் தலைவராகக் கொள்ளப்பட்ட கிறிஸ்தவர். அவர் மைந்தர் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களிற் கல்வியை வளர்த்ததோடு, திரும்புவோர்க்கென இலங்கைப் பிறப்புப் பதிவுகளைப் பெற்றுத் தரவும் உழைத்தது. திரும்ப விழைவோர் திரும்புக. அவர்கட்கு வழிச்செலவும் நிலமும் இரு அரசுகளும் உதவுக. ஆயின் போர் 2009 மே திங்களில் ஓய்ந்தது. இத்தனை ஆண்டுகளாகியும் திரும்பாதவர், இங்கேயே மணம் செய்து பிள்ளை பெற்றவர், இனியும் பொருட்டின்றிக் காத்திருத்தல் எற்றுக்கு? முகாமிற் கூடியிருப்பதனாலேயே அவர்தம் மரபு கலப்பின்றி நிலைக்கும் என்றும் ஒரு சிலர் கூறுவர். அம்மம்மாவின் 'உது' பேரனிடம் வந்து சேராததைக் கண்ட பின்னர் யாம் இதனை ஏற்க இயலாதவரானோம்.

குடியுரிமை தில்லியில் அளிக்கத்தக்கது. நம் கையில் இல்லை. நம் கையில் உள்ளது ஒன்று உண்டு. தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் பத்துப்பேர், சென்னையிலிருந்து புறநகர் வண்டியேறி ஒன்றரை மணி நேரத்துக்குள் கும்மிடிப்பூண்டி சென்று, அங்குள்ள முதியோரின் பேச்சையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் அவரவர் ஊர்ப்பெயரோடு ஏட்டில் எழுதிவரலாம். இசைவுடையோரின் குரலைப் பதிந்தும் வரலாம். முகாமுக்குட் புக அதிகாரிகளின் அனுமதி வேண்டும். முதல்வர் அவர்கள் கடிதம் வழங்கினால் அது கடினமன்று. தொகுத்தவற்றை அடுத்த ஆண்டு இப்பகுதியில் வெளியிடுமாறு பத்திராதிபரை வேண்டுகின்றோம். அம்மம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டதாம். கோடை விடுமுறைக்கு முன்னரே வந்தால் நலம் என்று தோழர் சொல்லியிருக்கின்றார்.