மழையில் நின்றவர்களும் நமது வாசற்கதவும்



இந்த வாரம் சாரல் தொடங்கிவிட்டது. மேற்கே மலையுச்சி மூன்று நாளாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. செங்கோட்டைக் கணவாயின் வழியே புகுந்து வரும் காற்று நம் வயல்களைத் தாண்டிச் சென்று சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. நாம் மழைமறைவுப் பகுதியில் வாழ்கிறவர்கள். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டித் தீர்த்தபின், கணவாயில் தப்பி வரும் பொடித் தூறலே நமக்குரிய பங்கு. அந்தப் பங்கைத் தேடித்தான் எங்கெங்கிருந்தோ மக்கள் குற்றாலத்திற்கு வருகிறார்கள். அவர்களில் சிலர் நம் ஊர்ச் சாலையில் செல்லும்போது மழை வலுத்து, நமது ஆலய வாசலின் வளைவுக்கு அடியில் ஒதுங்கி நிற்கிறார்கள். வாசற்கதவு பூட்டியிருக்கிறது. அவர்களைக் குறித்தும் அந்தப் பூட்டைக் குறித்தும் இன்று எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

சென்ற ஜூலை மாதம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த தம்பிமார் இருவருடன் சைக்கிளில் கொல்லம் வரை சென்று, அங்கிருந்து கடலோரமாக வர்க்கலைக்குப் போனேன் என்பது உங்களுக்குத் தெரியும். "ஐயாவுக்கு இந்த வயதில் இது தேவையா?" என்று கேட்டவர்களும் உண்டு. முதல் நாள் கர்த்தருடைய கிருபையால் நன்றாகவே கழிந்தது. ஆரியங்காவில் ஏறும்போது தூறல் இருந்தது. ஆனால் ஏற்றத்தில் உடல் தானே சூடேறிக்கொள்கிறது. கழுதுருட்டியில் 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதையின் பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்து நின்றோம். புனலூரில் 1877-ஆம் ஆண்டுத் தொங்குபாலத்தின் மேல் நடந்தோம். இரவு கொல்லத்தில் தங்கினோம்.

இரண்டாம் நாள்தான் நான் சொல்ல வந்தது. பரவூரைத் தாண்டிக் காப்பில் என்னும் இடத்தில் சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். ஒதுங்க ஒரு மரமில்லை. மழை மேலிருந்து விழவில்லை. கடலிலிருந்து குறுக்கே அடித்தது. மழைச்சட்டைக்கு வெளியே மழைநீர், உள்ளே வியர்வை. இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதன்பின் சாலை செம்மண் குன்றுகளின் மேல் ஏறுவதும் இறங்குவதுமாகச் செல்கிறது. கேரளக் கடற்கரை என்றால் சமதரையென்று நினைப்போம்; வர்க்கலையில் செம்பாறைக் குன்றுகள் கடலின் விளிம்பு வரை வந்து செங்குத்தாக நிற்கின்றன. அன்று நான் கற்றுக்கொண்டது ஒன்று: குளிர் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான் இருக்கிறது. ஏறும்போது கால்கள் உழைக்கின்றன. இறங்கும்போது உழைப்பு நின்றுவிடுகிறது. நனைந்த துணியின் மேல் காற்று வேகமாக மோதி உடம்பின் சூட்டையெல்லாம் உரித்துக்கொண்டு போகிறது. ஈரத்தில் பிரேக் பிடிப்பதில்லை. பிடிக்க வேண்டிய விரல்களும் மரத்துப்போகின்றன. தம்பிமாரில் இளையவனுக்குப் பற்கள் அடித்துக்கொண்டன. உதடு நீலம் பாரித்தது. அவன் பேச்சை நிறுத்திவிட்டான் என்பதைக் கவனித்தபோதுதான் நான் உண்மையாகவே பயந்தேன். அவனை அழைத்து வந்தவன் நான். அவன் தாயாரிடம் பொறுப்பேற்றுக்கொண்டவனும் நான்.

வழியில் ஓர் ஆலயம் தெரிந்தது. எந்தச் சபை, எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அகலமான முன்மண்டபம், உள்ளே வரிசையாக இருக்கைகள். வெளிக்கதவு பூட்டியிருந்தது. காவலாளி குடையோடு வந்து, அனுமதியில்லாமல் திறக்கக்கூடாதென்று உத்தரவு, அலுவலகத்தில் கேட்க வேண்டும், அலுவலகம் நாளைக் காலையில்தான் திறக்கும் என்றார். நான் போதகர் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. சேறு தெறித்த முதுகும் ஒழுகும் தாடியுமாக நின்றவனை நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அந்த மனிதர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் தமக்கு இடப்பட்ட கட்டளையைச் செய்தார். கட்டளையைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் வலை வைக்கும் கொட்டகை ஒன்றில் மூன்று பேர் வலைக்கண் முடிந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர்களில் பெரியவர் கையை அசைத்து உள்ளே அழைத்தார். தொழுகைத் தொப்பி அணிந்திருந்தார். பழைய தகரச் சட்டியில் சிரட்டைகளைப் போட்டுத் தீமூட்டினார். இளையவனின் சட்டையைக் கழற்றச் சொல்லி, கொடியில் கிடந்த தம்முடைய கைலியை எடுத்து அவன் தோளைச் சுற்றிப் போர்த்தினார். கட்டஞ்சாயா வந்தது. ஒரு மணி நேரத்திற்கு மேல் அங்கே இருந்தோம். எங்கள் பெயரை அவர் கேட்கவில்லை. எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டதுகூட, நாங்கள் புறப்படும்போதுதான்.

பிரியமானவர்களே, அப்போஸ்தலருடைய நடபடிகள் 27, 28 அதிகாரங்களை இந்த வாரம் மறுபடியும் வாசியுங்கள். யூரோக்கிலித்தோன் என்னும் கடுங்காற்றில் பதினான்கு நாள் அலைக்கழிந்து, கப்பல் உடைந்து, 276 பேர் நீந்தியும் பலகைகளைப் பற்றியும் கரையேறுகிறார்கள். அது மெலித்தா தீவு. இன்றைய மால்ட்டா. மழை பெய்கிறது, குளிரடிக்கிறது. அத்தீவார் யூதருமல்லர், கிறிஸ்தவருமல்லர். கிரேக்கம் பேசாதவர்களென்று உலகம் இழிவாகச் சொன்ன பெயரையே லூக்காவும் அவர்களுக்கு எழுதுகிறார். ஆனால் அவர்கள் செய்த உபகாரத்தைச் சொல்ல அவர் எடுத்த கிரேக்கச் சொல் 'பிலந்திரோப்பியா', அதாவது மனித நேசம். கரையேறியவர்களில் கைதிகள் இருந்தார்கள். காவற்சேவகரும் மாலுமிகளும் இருந்தார்கள். ஒருவரையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாருக்குமாக நெருப்பு மூட்டப்பட்டது.

இதில் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பவுலின் கையில் விரியன் பாம்பு கவ்வியபோது, இவன் கொலைபாதகன் போலும் என்று அவர்கள் எண்ணினார்கள். பிறகு, இவன் தேவன் என்று எண்ணினார்கள். இரண்டும் தவறான கணிப்பே. ஆனால் அந்த இரண்டு கணிப்புகளுக்கும் முன்பாகவே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. நாமோ அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் ஆள் யாரென்று தீர்மானிக்கிறோம், அதன்பின் நெருப்பைப் பற்றி யோசிக்கிறோம். அதற்குள் மழையே நின்றுவிடும்.

(பவுல் தாமும் எழுந்து விறகு பொறுக்கினார் என்று அங்கே எழுதியிருக்கிறது. நான் பொறுக்கவில்லை. தீயருகே உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தேன். ஊழியக்காரர்களுக்கு உட்கார்ந்து பழகிவிட்டது.)

யோபின் புத்தகம் 24-ஆம் அதிகாரத்திலும் நனைந்தவர்கள் வருகிறார்கள். மலைமழையில் நனைந்து, ஒதுங்க இடமில்லாமல் கன்மலையை அண்டிக்கொள்ளும் ஏழைகளைக் காட்டி யோபு தேவனிடம் முறையிடுகிறான். மழையைக் குறித்து அவன் முறையிடவில்லை; அவர்களுக்கு ஒரு கூரை இல்லாமற்போனதே அவனுடைய முறையீடு. அதே யோபு 31-ஆம் அதிகாரத்தில், பரதேசியைத் தெருவில் இராத்தங்க விடாமல் வழிப்போக்கனுக்குத் தன் கதவைத் திறந்து வைத்ததாகத் தேவனுக்கு முன்பாகச் சொல்லுகிறான். நமக்கு அப்படிச் சொல்ல முடியுமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நமது வளாகத்தில் குழாய்களும் ஒரு மின்விசிறியும் திருட்டுப் போயின. கிணற்றடியில் மதுப்புட்டிகள் கிடந்தன. சபைக் கமிட்டி கூடி, மாலை ஆறு மணிக்கு மேலும், ஆராதனை இல்லாத பகல்வேளைகளிலும் வெளிக்கதவைப் பூட்டுவதென்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தில் என் கையொப்பமும் இருக்கிறது. அன்று அது நியாயமாகத் தோன்றியது. வலைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கையொப்பம்தான். அது தவறு என்று இப்போது எண்ணுகிறேன். உங்கள் முன்பாக ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. குடித்துவிட்டு வருகிறவர்களை என்ன செய்வது? சிறுபெண்கள் டியூஷனுக்கு வரும் இடமல்லவா? அசுத்தம் செய்தால் யார் கழுவுவது? இவை நேர்மையான கேள்விகள். ஆதலால் ஆலயத்தையே திறந்துவிடும்படி நான் கேட்கவில்லை. ஆலயமும் அலுவலக அறையும் டியூஷன் நடக்கும் கட்டடமும் பூட்டியே இருக்கட்டும். வாசலுக்கு அருகே, சாலையை நோக்கி இருக்கும் பழைய கூடத்தின் தாழ்வாரம் மட்டும் சாரல் முடியும்வரை இரவு ஒன்பது மணி வரையிலாவது திறந்திருக்க வேண்டும். ஒரு விளக்கு, இரண்டு பெஞ்சு, குடிநீர், கழிப்பறைச் சாவி. பெண்களும் குழந்தைகளும் வந்தால் கதவைத் திறந்துகொடுக்க முறைவைத்து இருவர். சனி, ஞாயிறுகளில் ஒரு சட்டி சுக்குக்காப்பி. அசனப் பண்டிகையில் ஊரெல்லாம் உண்ணச் சமைக்கிற நமக்கு இது பெரிய காரியமல்ல. குடித்துவிட்டு வருகிறவனைக் குறித்து மாத்திரம் என்னிடம் முழுமையான விடையில்லை. அவனும் நனைந்துதான் வருகிறான் என்பது தெரிகிறது. முதல் சில வாரங்கள் அந்த முறையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாழ்வாரத்தில் துண்டுப்பிரதிகளை அடுக்கி வைக்கலாம் என்று ஒரு சகோதரர் நல்லெண்ணத்தோடு கூறினார். வேண்டாம் என்பது என் கருத்து. குளிரில் நடுங்குகிறவன் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். அந்த நிலையில் அவனிடம் ஒன்றைக் கொடுப்பது சுவிசேஷத்திற்கு மரியாதையல்ல. அந்தப் பெரியவர் என்னிடம் தம் மார்க்கத்தைப் பேசவில்லை. ஆயினும் அவருடைய மார்க்கத்தைப் பற்றி அன்று நான் அறிந்துகொண்டது, அதுவரை வாசித்து அறிந்ததைவிட அதிகம்.

இந்த ஊருக்கு இது புதிய பாடமும் அல்ல. நம் தெருக்களின் பழைய வீடுகளுக்கெல்லாம் திண்ணை இருந்தது; வழிப்போக்கர் அனுமதி கேளாமல் உட்காருவதற்காகவே அது வீட்டுக்கு வெளியே இருந்தது. இன்று அவற்றில் பல கம்பி அழி போட்டு அடைபட்டுவிட்டன. இதே ஆய்க்குடியில்தான், விபத்தினால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள் 1981-இல், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டில், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். நடக்க இயலாதவரால் இத்தனை பேருக்குக் கதவு திறக்க முடிந்த ஊரில், நடக்க முடிந்த நாம் ஒரு தாழ்வாரத்தைப் பற்றி இரண்டு ஆண்டுகளாகத் தயங்குகிறோம்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப்பின் கமிட்டி கூடுகிறது. இந்தக் கோரிக்கையை எழுத்துமூலமாக வைக்கிறேன். மறுக்கிறவர்கள் வந்து மறுத்துப் பேசுங்கள், கேட்கவே விரும்புகிறேன். சாவியை வாங்கி முறையெடுக்க விருப்பமுள்ளவர்கள் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். இளைய தம்பி முதலாவதாகவே கொடுத்துவிட்டான். வீட்டில் பழைய துண்டுகள் இருந்தால் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். இந்தக் காற்றில் அவை காய இரண்டு நாளாகும். ஆகவே வெள்ளிக்கிழமையே துவைத்துவிடுவது நல்லது.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்