சறுக்கும் மலையில் யாருக்கு விளையாட்டு?

ஹல்துமுல்லைப் பக்கம் மலைச் சரிவோட்டச் சைக்கிள் பந்தயம் நடத்தலாமே என்று பேச்செடுத்தால் போதும், நம்மவர்கள் உடனே இரு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். மண்சரிவில் மனிதர் புதையுண்ட மலையில் சேற்றில் புரண்டு விளையாடுவதா என்று ஒரு கட்சி சீறுகிறது. உல்லாசப் பயணிகள் வருவார்கள், டொலர் வரும், குறுக்கே நிற்காதீர்கள் என்று மறு கட்சி அதட்டுகிறது. இரண்டுமே தவறு என்பது எனது துணிபு. முன்னதைக் காட்டிலும் பின்னது அதிகம் தவறு.

முதலில், இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். கலிபோர்னியாவின் மரின் பகுதியில், 1976 ஒக்டோபரில், பழைய சைக்கிள்களை மலையுச்சிக்கு ஏற்றிச் சென்று மண்பாதையில் கீழ்நோக்கி விட்ட சில இளைஞர்களிடமிருந்து இதன் பந்தய வரலாறு தொடங்குகிறது. அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபாக்’ என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சில்லுப் பிரேக்கிலிருந்த கிறீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மீண்டும் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்த அவதியே பெயராயிற்று. 1990 இல் அமெரிக்காவின் டுராங்கோவில் முதலாவது உலக மலைச்சைக்கிள் போட்டிகள் நடந்தபோது சரிவோட்டமும் அவற்றில் இடம்பெற்றது. ஒலிம்பிக் 1996 இல் குறுக்குநாட்டு ஓட்டத்தைச் சேர்த்துக்கொண்டதே தவிர, சரிவோட்டத்தை இன்றுவரை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தியிருக்கிறது.

சேறு இதன் எதிரியா, அழகா என்பதில் ரசிகர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. 2011 இல் சுவிற்சர்லாந்தின் ஷாம்பெரியில், மழையில் நனைந்து சவர்க்காரமாய் வழுக்கிய தடத்தில், டேனி ஹார்ட் என்ற பிரித்தானிய இளைஞர் 11 செக்கன்களுக்கும் கூடுதலான இடைவெளியில் உலகப் பட்டம் வென்றார். நூறில் ஒரு பங்கு செக்கன்களில் வெற்றி தீர்மானமாகும் விளையாட்டில் அது ஒரு யுகம். அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் எல்லோரும் சேற்றை நேசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தொழில்முறை சாராத அணிக்கோ சேறு வேறு முகத்தைக் காட்டும். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, வாடகை வானில் நால்வர் ஐவராக வந்து சேர்பவர்கள் அவர்கள். சனிக்கிழமை தடத்தை நடந்து பார்க்கும்போதே சப்பாத்து ஒன்று புதைந்து போகும். முதல் பயிற்சி ஓட்டத்தில் சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் களிமண் அப்பி, சில்லு சுழலாமல் நின்றுவிடும். மணலும் சேறும் கலந்து அரைத்ததில் புதுப் பிரேக் கட்டைகள் மாலைக்குள் உலோகம் தெரியத் தேய்ந்துவிடும். மாற்றுக் கட்டை கொண்டுவந்தவர் ஒருவரே. அதற்கு நால்வர் போட்டி. கண்ணாடி மறைத்துப்போய், அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கண்ணோடு இறங்குபவர் கண்ணில் சேறடித்து விழுவார். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தோளெலும்பைப் பிடித்துக்கொண்டு தடத்தோரம் அமர்ந்திருக்க, எஞ்சியவர்கள் கடைசிக்கு முந்திய இடங்களுக்காக உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். அதில் ஒரு மானுட வீறு இருப்பதை மறுக்க நான் தயாரில்லை.

ஆகவே முதற் கட்சியினருக்கு என் பதில் இது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களை மண் விழுங்கியது எவரும் விளையாடியதால் அன்று. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடிதமாகவே இருந்தது. மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். பிழைத்தவர்களில் 75 குடும்பங்களுக்கு வீடுகள் கையளிக்கப்பட 2016 ஒக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மீண்டும் மலை இறங்கிற்று. 2025 நவம்பரில் ‘டித்வா’ புயல் நாடெங்கும் 600 பேருக்கு மேல் பலிகொண்டபோது, பதுளை மாவட்டத்து மலைகளும் சேர்ந்தே சரிந்தன. இவற்றுக்கெல்லாம் பொறுப்புக் கூறவேண்டியவர்களை விட்டுவிட்டு, சைக்கிளில் சறுக்க ஆசைப்படும் ஒரு பையனிடம் ‘வெட்கமில்லையா’ என்று கேட்பது எளிது. துக்கம் நடந்த மண்ணில் சிரிக்கக் கூடாதென்றால், மலையகத்தில் பிள்ளைகள் எந்த மேட்டில்தான் சிரிப்பது?

இனி இரண்டாம் கட்சி. இவர்களுடைய பிரசுரங்களில் மலை இருக்கும், பனி இருக்கும், கொழுந்துக் கூடையோடு ஒரு பெண்ணின் சிரிப்பும் இருக்கும். அந்தப் பெண்ணின் மகன் எங்கும் இருக்கமாட்டான். ஹப்புத்தளை ஏறத்தாழ 1430 மீற்றர் உயரம். அங்கிருந்து பெரகலை வழியாக, கொஸ்லந்தை தாண்டி வெல்லவாயாவை அடையும்போது 200 மீற்றர் அளவுக்கு இறங்கிவிடுகிறோம். பம்பரகந்தை 263 மீற்றரும் தியலும 220 மீற்றரும் விழுவது இந்த விளிம்பில்தான். சரிவோட்டத்துக்கு இதைவிட இயற்கை கொடுத்த அரங்கு இலங்கையில் வேறில்லை என்று அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அதே செங்குத்துத்தான் அதே மண்ணைக் கீழே கொண்டு வருகிறது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

தோட்டத்துப் பெரியவர் எவரையாவது கேட்டுப் பாருங்கள். மலையில் ‘கான்’ எதற்கு வெட்டுகிறோம் என்று அவர் சொல்வார். மழைநீர் நேரே கீழிறங்கி மண்ணை அரிக்காமல், குறுக்காக ஓடி வடிய வேண்டும் என்பதற்காகத்தான். கான் தூர்ந்தால் நீர் மலைக்குள் இறங்கும், மலை கனக்கும், பிறகு ஒருநாள் நகரும். சரிவோட்டத் தடமோ, கானுக்கு நேர்மாறான வேலையைச் செய்வது. உச்சியிலிருந்து நேராகக் கீழே கோடு கிழிக்கிறது. இருபது சைக்கிள்கள் சேற்றில் இறங்கினால் அந்தக் கோடு வாய்க்காலாகிவிடும். மேல்நாட்டுத் தடக் கலைஞர்களே, பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மிகக்கூடாது, சராசரியாகப் பத்து வீதத்தைத் தாண்டக்கூடாது என்று பொது விதி வைத்திருக்கிறார்கள். பந்தயத் தடத்துக்கு அது போதாது என்றால், கல் பதித்து, நீரை இடைக்கிடை வெளியே திருப்பிவிட வேண்டும். செலவுதான். செலவில்லாமல் சேறு வேண்டும் என்பவர்களுக்குத்தான் நான் எதிரி.

இன்னொன்று. 2024 ஏப்ரல் 21 இல், ஹப்புத்தளைக்கு மிக அண்மையிலுள்ள தியத்தலாவை ‘பொக்ஸ் ஹில்’ கார்ப் பந்தயத்தில் என்ன நடந்ததென்பதை ஊவா மறந்திருக்காது. தடம் விலகிய கார் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து ஏழு பேர் மாண்டனர். எட்டு வயதுச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. சைக்கிள் கார் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடத்தோரத்தில் பிள்ளைகளோடு நிற்கும் கூட்டம் அதே கூட்டம், ஏற்பாட்டாளரின் அலட்சியமும் அதே வகையாகவே இருக்கக்கூடும். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே விழிப்புடன் இருக்கச் சொல்கிறது. 150 ஐத் தொட்டால் வெளியேறச் சொல்கிறது. பந்தய விதிக் கோவையின் முதற் பக்கத்தில் இந்த எண்கள் இருக்க வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை சைக்கிளைக் கொட்டகையில் பூட்டி வையுங்கள்.

சரி, யார் ஓடப்போகிறார்கள்? நல்லதொரு சரிவோட்டச் சைக்கிள் 5000 அமெரிக்க டொலருக்கும் மேல். டொலருக்கு 300 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், பதினைந்து இலட்சம். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தில், சாப்பிடாமல் குடிக்காமல், ஆயிரத்து நூறு நாட்களுக்கும் மேல் கொழுந்து எடுத்தால் ஒன்று வாங்கலாம். ஆகவே ஏழைப் பையனுக்கு இது கனவுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நேபாளத்தில் ராஜேஷ் மகர் என்ற சிறுவன் பழைய இரும்புகளைப் பொறுக்கித் தனக்கொரு சைக்கிள் கட்டினான். பின்னர் நாட்டின் சம்பியனானான். 2018 இல் அவனைப் பற்றிக் குறும்படமே வந்தது. சிலி நாட்டு வால்பராய்சோவில் 2003 முதல், மலைக்குடியிருப்புகளின் படிக்கட்டுகளே பந்தயத் தடம். அங்கு வாழ்பவர்கள் தங்கள் வாசலில் நின்று பார்க்கிறார்கள்.

நம் தோட்டங்களிலும் படிக்கட்டு உண்டு; குறுக்கு உண்டு; சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் அந்தக் குறுக்கால் பள்ளிக்கு இறங்கும் பிள்ளைகளும் உண்டு. சேற்றில் எங்கே கால் வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்பதைக் கொழும்பிலிருந்து வரும் எந்த அணியைவிடவும் அவர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் காணி அரசினது, குத்தகை 1992 இலிருந்து கம்பனிகளினது, அனுமதிக் கடிதம் துரையினது. 2023 இல் திறக்கப்பட்ட, 300 கிலோமீற்றர் நீளமான ‘பெக்கோ’ நடைபாதையில் வெளிநாட்டவர் தோட்டம் தோட்டமாக நடந்து போகிறார். நல்லது, நடக்கட்டும். அதே மலையில் தோட்டத்துப் பையன் சைக்கிளோடு நின்றால் வாச்சர் விசிலடிப்பார்.

ஏற்பாட்டாளர்களிடம் நான் வேண்டுவது பெரிய புரட்சியன்று. தோட்டப் பாடசாலைகளுக்குப் பத்துச் சைக்கிள்களும் ஒரு திருத்துநரும். தடத்தைத் தெரிவுசெய்யும்போது கான் வெட்டும் தொழிலாளர் இருவரின் சொல். விழுந்தவரைத் தூக்க ஒரு வழி. ஏனெனில் 1990 அம்புலன்ஸ் 2018 இலேயே ஊவாவுக்கு வந்துவிட்டதென்றாலும், மேற்பிரிவு லயங்கள் பலவற்றின் வாசலுக்கு அது ஏறப் பாதையில்லை. பந்தயத்துக்காக எப்படியும் ஒரு பாதையைச் செப்பனிடுவார்கள், அடிவாரத்தில் ஒரு வாகனத்தையும் நிறுத்துவார்கள். வாகனம் ஞாயிறு மாலை போகட்டும். பாதையைத் திங்கட்கிழமைக்குப் பிறகு யார் பராமரிப்பது என்பதைத் தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகு கொடியை அசைக்கலாம்.