ஆளுக்கு 760 ரூபாய்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். வில்பட்டியில் அக்கா வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது ஆள் இல்லை, ஒரு டிரம். அடுத்து இன்னொரு டிரம். அப்புறம் கிட்டார் பெட்டிகள், ஒயர் சுருள்கள், டி-ஷர்ட் அட்டைப்பெட்டி. கடைசியாகத்தான் ஆறு மனிதர்கள் முதுகை நிமிர்த்தியபடி இறங்கினார்கள்.

எதிர்வீட்டுப் பாட்டி என்னிடம் கேட்டார்: “யாருக்குப்பா கல்யாணம்?”

யாருக்கும் இல்லை. அக்கா மகன் தன் இசைக்குழுவோடு வந்திருக்கிறான். ராக் பேண்ட். சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, சொந்தச் செலவில் ஊர் ஊராகப் போய் வாசிக்கிறவர்கள். குழுவின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். “பாட்டு நல்லா இருந்து பேர் வரட்டும் மாமா, பாவம்னு வர வேண்டாம்” என்றான். சரி என்றேன்.

அக்கா வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டார். பதினான்கு மாதமாக அவனோடு பேச்சில்லை. சென்னையில் நான்கு வருடம் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை அவன் விட்ட நாளிலிருந்து.

மேடை ஒன்றரை மணி நேரம்தான்

டூர் என்றால் நமக்கெல்லாம் ஒரு கற்பனை உண்டு. வெளிச்சம், கூட்டம், கைத்தட்டல். அவர்களோடு ஒரு நாள் இருந்து பார்த்தேன். ஒரு நாளில் மேடை ஒன்றரை மணி நேரம். மீதி இருபத்திரண்டரை மணி நேரமும் சாமான் ஏற்றுவது, இறக்குவது, காத்திருப்பது, வேனில் கழுத்து வலிக்கத் தூங்குவது.

செவ்வாய் ராத்திரி சென்னையில் கிளம்பியிருக்கிறார்கள். புதன் கோவையில் ஒரு கல்லூரி, வியாழன் திருச்சியில் இன்னொரு கல்லூரி, வெள்ளி மதுரையில் ஒரு காபி கடையின் மொட்டை மாடி, சனி கொடைக்கானல். வாசிப்பவர்கள் நான்கு பேர், ஒலி அமைப்பவர் ஒருவர், டிரைவர் ஒருவர். மதுரையில் லாட்ஜுக்குக் காசு மிச்சம் பிடிக்க ஒரு நண்பன் வீட்டு ஹாலில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள்.

கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் அல்லவா? நான்கு ஊர் ஏற்பாட்டையும் நுணுக்கமாகச் செய்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். மலையடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டி, போனில் எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் போயிருக்கிறது.

மேலே வந்த பிறகு இன்னொரு வேலை. குளிரில் கம்பி சுருங்கும், இறுக்கம் கூடும், சுருதி ஏறிவிடும். மதுரை வெக்கையில் சரியாக இருந்த கிட்டார், இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் குளிரில் வேறு மாதிரி பேசும். அவர்களிடம் ஒரு பறையும் இருந்தது. அதற்கு நேர் எதிர்ப் பிரச்னை. ஈரக்காற்றில் தோல் தொய்ந்து சத்தம் மந்தமாகிவிடும். பறையடிப்பவர் கொல்லைப்புறத்தில் காய்ந்த சருகைக் கூட்டித் தீ மூட்டி, பறையைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். அடுப்படி ஜன்னலிலிருந்து அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில், “சருகு பத்தாது, இந்தா” என்று ஒரு கட்டுச் சுள்ளி வெளியே வந்து விழுந்தது. மகனிடம் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது. பறையடிப்பவரிடம் சொன்னது.

இந்த மலைக்கு அந்தப் பக்கம்

ராக் பேண்ட் என்ற பெயர்தான் நமக்குப் புதிது. ஒரு சின்னக் குழு, வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு கிடைத்த வண்டியில் ஏறி ஊர் ஊராகப் பாடப் போவது நமக்குப் புதிதே இல்லை. இந்த மலைத்தொடரைத் தாண்டினால் தேவிகுளம். 1958-இல் அங்கே இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டங்களில் பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். அவரோடு சுற்றத் தொடங்கிய தம்பி ராசய்யாவுக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. அதன் பிறகு பத்து வருடம் போல அண்ணன் தம்பிகள் மேடை மேடையாகப் பாடித் திரிந்தார்கள்.

அந்த ராசய்யாதான் இளையராஜா. சென்னைக்குப் போகிறோம் என்று பிள்ளைகள் சொன்னபோது, அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டில் இருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று அந்தப் பணத்தைக் கொடுத்தனுப்பினார். இதை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். அதைப் பார்க்கப் பாவலர் உயிரோடு இல்லை.

இந்தக் கதையை நாம் எப்போதும் முடிவிலிருந்துதான் சொல்கிறோம். ஜெயித்துவிட்டார், ஆகவே ரேடியோ விற்றது சரி. ஆனால், விற்ற அன்றைக்கு அந்த அம்மாவுக்கு முடிவு தெரியாது.

டெல்லியின் ‘இந்தியன் ஓஷன்’ குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் தொடங்கியது. முதல் ஆல்பம் 1993. நாடு முழுக்கப் பெயர் வாங்கித் தந்த ‘கந்தீசா’ வந்தது 2000-இல். நடுவில் பத்து வருடம்! அதில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ராகுல் ராம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். குழு இன்றும் வாசிக்கிறது.

சென்னையில் பா.இரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. கானா, பறை, ராக், ராப் எல்லாம் சேர்ந்து 19 பேர். எங்கள் வேனில் பாதிப் பேர்கூட ஏற முடியாது. டெல்லியின் ‘பிளட்டிவுட்’ குழுவோ தோல் மேளத்தையும் மெட்டல் கிட்டாரையும் சேர்த்துக்கொண்டு, 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழா மேடைக்குப் போனது. அதில் கிட்டார் வாசிக்கும் கரன் கட்டியார் வக்கீல் வேலையை விட்டுவிட்டு வந்தவர். வாக்கன் ஒரு சின்ன கிராமம். வருடத்தில் சில நாள் மட்டும் உலகமே அங்கே கூடும்.

இதையெல்லாம் நான் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “வராமப் போனவங்க கதையை எவனாவது எழுதியிருக்கானா தம்பி?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

“சினிமாப் பாட்டு பாடுங்க!”

கச்சேரி, வில்பட்டிக்கு மேலே ஒரு தங்கும் விடுதியின் முற்றத்தில். டிக்கெட் 500 ரூபாய். 35 பேர் வந்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த குடும்பங்கள், மதுரை மாணவர்கள், விடுதியில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன்கள். பையன்களுக்கு டிக்கெட் கிடையாது.

இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ஒரு குரல்: “சினிமாப் பாட்டு பாடுங்க!” எல்லா ஊரிலும் இந்தக் குரல் உண்டாம். கோபம் வராதா என்று கேட்டேன். “வரும் மாமா. ஆனா அவர் மேல தப்பில்லை. தெரியாத பாட்டை யாரும் கேட்டு வாங்க முடியாதுல்ல?” என்றான். அவர்கள் பாடவில்லை. அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அது கொடைக்கானல் மலையில் பூண்டு காயப்போடும் கொட்டகையைப் பற்றிய பாட்டு. வேலையாட்களாக நின்ற பையன்கள் முதல்முறையாக முன்னால் நகர்ந்து வந்தார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு மழை. கூடவே மின்சாரமும் போனது. ஜெனரேட்டர் போடலாம்தான். ஆனால், பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுக்கச் சட்டம். கால் மணி நேரத்துக்காக எதற்கு என்று, தாழ்வாரத்துக்குள் எல்லோரையும் அழைத்து, மைக் இல்லாமல் ஒரு கிட்டாரோடு இரண்டு பாட்டு பாடினார்கள். சினிமாப் பாட்டு கேட்ட மனிதர், சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டார். போகும்போது இரண்டு டி-ஷர்ட் வாங்கினார்.

திரும்பும் வழியில் ரோட்டை அடைத்துக்கொண்டு காட்டுமாடு நின்றது. டிரைவர் விளக்கைக் குறைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தார். வேனுக்குள் ஒருவரும் பேசவில்லை. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

கணக்கு நோட்டு

ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தால், ஆறு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சுடுசோறு, பூண்டுக் குழம்பு. அக்காவே பரிமாறினார். “உனக்கு?” என்று மகனிடம் கேட்டது, பதினான்கு மாதத்தில் முதல் வார்த்தை. அதை யாரும் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் குனிந்து சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் அவன் ஒரு நோட்டை எடுத்துக் கணக்கு எழுத உட்கார்ந்தான். அக்கா எச்சில் தட்டுகளை எடுத்தபடியே எட்டிப் பார்த்தார். எழுதி வைத்திருந்ததை அப்படியே தருகிறேன்.

வரவு: கோவை 25,000. திருச்சி 20,000. மதுரை 6,000 (டிக்கெட்டில் பாதி கடைக்கு). கொடைக்கானல் 17,500. மொத்தம் 68,500.

செலவு: வேன், திரும்பும் தூரத்தையும் சேர்த்து 1,500 கிலோமீட்டருக்கு 36,000. டிரைவர் பேட்டா 3,600. ஆறு பேருக்கு ஆறு நாள் சாப்பாடு 10,800. தங்கல் 9,000. மதுரையில் ஸ்பீக்கர் வாடகை 5,300. மொத்தம் 64,700.

மிச்சம் 3,800. ஐந்து பேருக்கு ஆளுக்கு 760 ரூபாய்.

டி-ஷர்ட் விற்ற காசு இதில் வராது. அது பாட்டுப் பதிவுக்கு வாங்கிய கடனுக்கு. மூன்று மாதம் ஒத்திகை பார்த்த அறை வாடகையும் இதில் வராது. அது அவரவர் கைக்காசு. வார நாட்களில் ஒருவர் கிட்டார் வகுப்பு எடுக்கிறார். ஒருவர் விளம்பரங்களுக்குப் பின்னணி இசை போடுகிறார். இவன் பகுதி நேரமாகக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறான்.

அக்கா நோட்டைக் கையில் வாங்கினார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால், விதைப் பூண்டு, உரம், ஆள்கூலி, வண்டி வாடகை எல்லாம் போக, கையில் என்ன நிற்கும் என்பது அறுவடைக்குப் பிறகுதான் தெரியும். வீட்டுக்காரர் போன பிறகு பத்து வருடமாக அந்தக் கணக்கை அக்கா தனியாக எழுதிவருகிறார்.

“இதே மாதிரி நோட்டு என்கிட்டயும் இருக்கு” என்றார். அவன் நிமிர்ந்து பார்த்தான். “இந்த நோட்டு உனக்கு வேண்டாம்னுதான்டா உன்னைப் படிக்க வச்சேன்.”

நான் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நேரத்தில் அவன் கண் கலங்கியது அப்போதுதான். பதில் சொல்லவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை. நோட்டை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, “அடுத்த தடவை மதுரையில லாட்ஜு, நண்பன் வீடுன்னு அலைய வேண்டாம். சித்தி வீடு இருக்குல்ல? நான் போன் பண்ணிச் சொல்றேன். அந்தச் செலவு குறையும்” என்றார்.

காலையில் வேன் கிளம்பும்போது டிரம்முக்கும் டி-ஷர்ட் பெட்டிக்கும் நடுவே ஐந்து கிலோ பூண்டு ஏறியிருந்தது.

அக்கா சம்மதித்துவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். சம்மதிக்கவில்லை. “முப்பது வயசு வரைக்கும் பார்க்கட்டும். ஆனா மாசாமாசம் நோட்டை எனக்கு அனுப்பணும்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவனுக்கு இப்போது 27.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நாம் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: “எப்போ விடப் போற?” அதற்குப் பதிலாக, “கணக்கு நோட்டைக் காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். கனவை வைத்துச் சண்டை போட்டால் பேச்சுதான் நின்றுபோகும். கணக்கை வைத்துப் பேசினால், எங்கே ஐநூறு குறைக்கலாம் என்றாவது பேச்சு ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் பதினான்கு மாதம் கழித்து அப்படித்தான் ஆரம்பித்தது.

இந்த மாத நோட்டு நேற்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். ஆளுக்கு 410 ரூபாய் நஷ்டம். “கணக்கை மறைக்காம அனுப்பியிருக்கான்” என்றார் அக்கா.