கடை மூடிய பிறகும் வேலையா?

புறக்கோட்டைப் புடைவைக் கடையொன்றில் 18 வருடங்களாக வேலை செய்பவன் என்ற முறையில் முதலாளிமாரிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முன்பெல்லாம் கடையைப் பூட்டினால் அன்றைய வேலை முடிந்தது. இன்று இரவு 10 மணிக்கும் வட்ஸ்அப்பில் ஸ்டொக் கணக்குக் கேட்கிறார்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் ஒன்றரை மடங்குக் கொடுப்பனவு. வீட்டிலிருந்து பார்க்கும் கணக்கை யாரும் இதில் சேர்ப்பதில்லை.

பெருநாள் காலத்தில் நள்ளிரவு வரை நிற்க நாங்கள் மறுத்ததில்லை. ஆனால் வருடம் முழுவதும் பெருநாள் வியாபாரம் நடப்பதில்லையே!

பூட்டுவதற்கு அரைமணி நேரம் முன்பே கணக்கை எடுங்கள். மிச்சத்தைக் காலையில் கேளுங்கள். பழகிய ஊழியன் விலகிப்போனால் புதியவனைப் பழக்க மாதக்கணக்கில் செல்லும். அந்த நட்டமும் முதலாளிக்குத்தான்.